கண்ணில் அடிபட்டால் முதல் அரை மணி நேரம்

தராசு முள்ளைப் பார்க்கவும், கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கவும், அரிசியில் கல் கிடக்கிறதா என்று அறியவும் வியாபாரிக்குக் கண் வேண்டும். கடையில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று யோசித்து மணல் வாளி வாங்கி வைத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. பூட்டு உடைந்தால் என்ன, வெள்ளம் வந்தால் சரக்கை எங்கே ஏற்றுவது என்றும் யோசித்து வைத்திருக்கிறோம். கண்ணில் அடிபட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்தவர் மிகச் சிலரே. நம் கடைப் பையனுக்கோ, மூட்டை இறக்கும் தொழிலாளிக்கோ, சரக்கு வாங்க வந்த வாடிக்கையாளரின் குழந்தைக்கோ அப்படி நேர்ந்தால், அந்த அரை மணி நேரத்தில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் அந்தக் கண்ணின் தலையெழுத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி வணிகர்களுக்கு இந்த விஷயம் இரட்டிப்பு முக்கியம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. பின்னால் லாரி ஆலை, மோட்டார் சைக்கிள் ஆலை, டயர் ஆலை என்று வரிசையாக வந்தன. இடையில் நோக்கியா 2006இல் திறந்து 2014இல் மூடியதையும், அதை நம்பிக் கடை போட்டவர்கள் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. வயலும் ஏரியுமாக இருந்த ஊர்களில் இன்று மளிகைக் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு லேத் பட்டறை, அதற்கடுத்து வெல்டிங் ஷெட், அதற்கடுத்துக் கட்டட வேலை என்று இருக்கிறது.

பெரிய ஆலைக்குள் கண் கண்ணாடி இல்லாமல் நுழைய விடமாட்டார்கள். தீப்பொறியோ துகளோ தெறிக்கும் வேலையில் கண்ணுக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆவது பிரிவே சொல்லிவிட்டது. சிக்கல் ஆலைக்கு வெளியேதான். ஆறு பேர் வேலை செய்யும் தகர ஷெட்டில் கிரைண்டிங் மெஷினைப் பிடித்திருப்பவருக்குக் கண்ணாடி கிடையாது. கண்ணில் தூசு விழுந்தால் அவர் டாக்டரிடம் போவதில்லை. முதலில் நம் கடைக்குத்தான் வருகிறார். "அண்ணாச்சி, கண்ணுல என்னமோ விழுந்துடுச்சு, ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவராக இருந்தால் அதையும் சொல்லத் தெரியாமல் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

முதலில் நம் கடைச் சரக்கையே எடுத்துக்கொள்வோம்.

சுண்ணாம்பு என்னும் வெள்ளை எமன்

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கண்ணுக்கு எதிரி என்று நம்மில் யாரும் நினைப்பதில்லை. வாயில் போடுகிற பொருள்தானே என்று எண்ணுகிறோம். ஆனால் கண் மருத்துவர்கள் ஆசிட்டைவிட அதிகமாகப் பயப்படுவது சுண்ணாம்புக்குத்தான். ஆசிட் பட்டால் கண்ணின் மேல்பரப்பில் உள்ள புரதம் பால் திரிவதுபோல் உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாகிவிடும். சுண்ணாம்பு காரம். எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சோப்பாகிறது அல்லவா? அதுபோலவே கண்ணின் செல்களைச் சுற்றியுள்ள கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதோடு சுண்ணாம்பு பசையாக இமைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். மேலே கழுவிவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது அடியில் ஒட்டிய பருக்கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அடிபடுவது பெரும்பாலும் குழந்தைகள். சிறிய பிளாஸ்டிக் பாக்கெட்டிலோ டியூப்பிலோ வரும் சுண்ணாம்பைக் குழந்தை கையில் எடுத்து அழுத்துகிறது. ஓரம் பிரிந்து நேராக முகத்தில் பீய்ச்சுகிறது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கண் மருத்துவர்கள் இந்தச் சுண்ணாம்பு பாக்கெட்டுகளின் ஆபத்தைப் பற்றி 2003ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' என்ற உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் எச்சரித்து எழுதினார்கள். அதற்குப் பிறகும் பாக்கெட் மாறவில்லை. நாமும் அதைக் கல்லாவுக்கு முன்னால், மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில், மூன்று வயதுக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில்தான் வைத்திருக்கிறோம்.

கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, வெள்ளை விழியும் கருவிழியும் சேரும் இடத்தில், கருவிழியின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூலச் செல்கள் உண்டு. வயலுக்கு விதைநெல் எப்படியோ அப்படி. காரம் அந்த விதைநெல்லை எரித்துவிட்டால் கருவிழியில் தோல் வளராது. ரத்தக் குழாய்கள் படர்ந்து கண் வெள்ளை பூத்துவிடும். வேறொருவரின் கருவிழியை எடுத்துப் பொருத்தினாலும் அது நிலைப்பதில்லை. நல்ல கண்ணிலிருந்து துளி விதைச் செல்லை எடுத்து அடிபட்ட கண்ணில் நடும் எளிய முறை ஒன்றை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் டாக்டர் வீரேந்தர் சங்வானும் அவரது குழுவினரும் 2012இல் வெளியிட்டார்கள். அதனால் ஒரு கண் கெட்டவர்கள் பலருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது. இரண்டு கண்ணிலும் பட்டுவிட்டால் நடுவதற்கு நல்ல செல்லே இல்லாமல் போய்விடலாம்.

ஆகவே சுண்ணாம்பை உயரத்தில் வையுங்கள். குழந்தையிடம் கொடுத்தனுப்பாதீர்கள். இதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. கழிவறை கழுவும் ஆசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையிலேயே தலையிட்டு, வாங்குபவரின் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு விதித்தது. சுண்ணாம்புக்கு அப்படி எதுவும் இல்லை என்பதால் அது சாது என்று அர்த்தமில்லை. பிளீச்சிங் பவுடர், அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா, கட்டட வேலைக்கு விற்கும் சிமெண்ட், நீற்றுச் சுண்ணாம்பு எல்லாமே இதே இனம்தான்.

கழுவுங்கள், கழுவுங்கள், கழுவிக்கொண்டே இருங்கள்

காரமோ அமிலமோ கண்ணில் பட்டால் டாக்டரைத் தேடி வண்டி எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தண்ணீர். அந்த நிமிடமே, அந்த இடத்திலேயே. மருத்துவமனைக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுபவர்கள், பாசத்தினால் கண்ணைக் கெடுக்கிறார்கள்.

நம் கடையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இருபது லிட்டர் கேன் வாசலிலேயே அடுக்கியிருக்கிறது. அடிபட்டவரைப் படுக்க வைத்து, தலையை அடிபட்ட கண் பக்கமாகச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதோரம் போகும்படி தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். அப்போதுதான் அழுக்கு நீர் நல்ல கண்ணுக்குள் போகாது. பாட்டில் மூடியில் துளை போட்டு அழுத்தினால் சீரான தாரை கிடைக்கும். வலியில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஒருவர் இரண்டு இமைகளையும் விரலால் விலக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஊற்ற வேண்டும். கண்ணை மேலே, கீழே, இரண்டு பக்கமும் உருட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பருக்கை தெரிந்தால் ஈரமான சுத்தத் துணியின் நுனியால் ஒற்றி எடுத்துவிடலாம்.

எவ்வளவு நேரம்? குறைந்தது அரை மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு சொம்பு ஊற்றிவிட்டுப் போதும் என்று நிறுத்துவதுதான் நடைமுறையில் காணும் பெரிய குறை. சுத்தமான தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் குழாய்த் தண்ணீர் போதும். சுண்ணாம்பு காரம் என்பதால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் முறிந்துவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கண்ணுக்குள் இரசாயனப் பரிசோதனை நடத்தக் கூடாது. பால், தயிர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். கழுவி முடித்தபின் அந்தப் பாக்கெட்டையோ டப்பாவையோ கையோடு எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போக வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கடுமையான காரக் காயத்தில் நரம்பும் செத்துவிடுவதால் வலி குறைவாகத் தெரிவதும் உண்டு.

மிளகாய்த் தூள் இவ்வளவு மோசமில்லை. எரிச்சல் உயிர் போகும், ஆனால் கழுவினால் பெரும்பாலும் அன்றைக்கே தெளிந்துவிடும். சின்ன டியூப்பில் வரும் உடனடிப் பசை இமைகளை ஒட்டிவிட்டால் பிய்க்கவோ கத்தரிக்கவோ கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர்த் துணியை மேலே போட்டு டாக்டரிடம் அழைத்துப் போனால் போதும்.

கழுவவே கூடாத கண்

இங்கேதான் கவனம் தேவை. மேலே சொன்னதற்கு நேர் எதிரான ஒரு காயம் இருக்கிறது. விழியே கிழிந்துபோவது அல்லது துளைபடுவது. அந்தக் கண்ணில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தொடக் கூடாது. அழுத்தக் கூடாது. நன்கு ஊதிய பலூனில் ஊசித் துளை விழுந்தபின் அதை அழுத்தினால் என்ன ஆகும்? கண்ணிலும் அதுவேதான். உள்ளே இருக்கும் மெல்லிய பாகங்கள் துளை வழியே வெளியே வந்துவிடும்.

எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணிலோ கன்னத்திலோ முட்டை வெள்ளை போன்ற பிசுபிசுப்பு, கருவிழியிலோ வெள்ளை விழியிலோ கறுப்பாக எதுவோ பிதுங்கி நிற்பது, கண் பாப்பா வட்டமாக இல்லாமல் நீர்த்துளி வடிவில் ஒரு பக்கம் இழுபட்டிருப்பது, கருவிழிக்குள் ரத்தம் தேங்கி நிற்பது, பார்வை சட்டென்று மங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விழி கிழிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பார்வையைச் சோதிக்க நம் கடையிலேயே கருவி இருக்கிறது. சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்தான். நல்ல கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, அடிபட்ட கண்ணால் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். தேதி தெரியவில்லை என்றால் விரலை எண்ணச் சொல்லுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் வெளிச்சம் தெரிகிறதா என்று கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்பதை ஒரு சீட்டில் நேரத்தோடு எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. வீங்கி மூடியிருக்கும் கண்ணை மட்டும் இந்தச் சோதனைக்காகப் பிரிக்க முயலாதீர்கள்.

கம்பியோ கண்ணாடியோ கண்ணில் குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அதுவே துளைக்கு அடைப்பாக இருக்கிறது. அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கூம்பாக மடித்தோ, ஆழமான டப்பா மூடி ஒன்றைத் துடைத்தோ கண்ணின் மேல் கவிழ்க்கலாம். அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்கார வேண்டும். விழியில் படவே கூடாது. பஞ்சு வைத்துக் கட்டுப் போடுவது அன்பாகத் தெரியும், ஆனால் அது அழுத்திவிடும். சொட்டு மருந்தோ களிம்போ விடக் கூடாது. கண்ணைக் கசக்க விடாதீர்கள். இன்னொன்று, நம் ஊர் வழக்கத்துக்கு மாறானது: அடிபட்டவருக்கு சோடா, காபி, இட்லி என்று எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட வேண்டியிருக்கும். வயிறு நிறைந்திருந்தால் அறுவைச் சிகிச்சை பல மணி நேரம் தள்ளிப்போகும். கிழிந்த விழியை ஒரு நாளுக்குள் தைத்து மூடிவிடுவது நல்லது. நேரம் போகப் போகக் கிருமி உள்ளே இறங்கும்.

மிகவும் ஏமாற்றும் காயம் சுத்தியல் வேலையில் வருவது. உளியின் மேல் சுத்தியலால் அடிக்கும்போது எஃகிலிருந்து கடுகளவுச் சில்லு ஒன்று துப்பாக்கி ரவை வேகத்தில் பறக்கும். கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். துளை ஊசி முனை அளவுதான். வலி ஒரு சுருக், அவ்வளவே. பார்வைகூட அன்று சரியாகவே இருக்கலாம். தொழிலாளி துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். இரும்பு உள்ளேயே கிடந்து துருப்பிடிக்கும். அந்தத் துரு விழித்திரையை மெதுவாக நஞ்சாக்கும். மாதங்கள் கழித்துப் பார்வை மங்கி வருபவருக்கு அன்று விழுந்த அடி நினைவிலேயே இருக்காது. ஆகவே "சுத்தியல் வேலையில் கண்ணில் பட்டது" என்று யார் சொன்னாலும் எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் பார்க்காமல் விடக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மட்டும் எடுக்கக் கூடாது. அந்தக் காந்தம் இரும்பைக் கண்ணுக்குள்ளேயே இழுத்துப் புரட்டிவிடும்.

தூசு, வெல்டிங், நாக்கு வைத்தியம்

கிரைண்டிங் பொறி கருவிழியில் ஒட்டிக்கொள்வது இந்தப் பகுதியில் தினசரி நடப்பது. ஷெட்டில் ஒரு 'கைராசிக்காரர்' இருப்பார். துணி நுனியாலோ, தீக்குச்சியாலோ, சில சமயம் குண்டூசியாலோ எடுத்துவிடுவார். நாக்கால் எடுக்கும் வைத்தியர்களும் சில ஊர்களில் உண்டு. தூசு வந்துவிடும். கீறலும் கிருமியும் உள்ளே தங்கிவிடும்.

இந்தக் கீறல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994ஆம் ஆண்டு தொடக்கத்தில் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு முதலில் கண்ணில் ஏதோ ஒரு சிறு அடி பட்டிருந்தது. பரிசோதனையில் கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் புண்ணில் இருந்தது பூஞ்சை. பூஞ்சை என்றால் சாதாரண மருந்துக்கு அடங்காது.

நேபாளத்தில் பக்தபூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. ஊர் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, கருவிழியில் கீறல் விழுந்த 442 பேருக்கு மூன்று நாள் கிருமிக் களிம்பு போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாளைத் தாண்டி இரண்டாம் நாள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது. களிம்பு ஒன்றுதான், நேரம்தான் வேறு. காலையில் அடிபட்டவர் சாயங்காலம் போனால் கண் பிழைக்கும், நாளன்றைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டால் நான்கில் ஒருவருக்கு மேல் புண்ணாகும் என்று இதை வாடிக்கையாளருக்குச் சொல்லலாம். வியாபாரிக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் களிம்பு வாங்கிக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டாம். எந்தக் கண்ணுக்கு எது என்பது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. குறிப்பாக, மருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கண் சிவப்பை ஒரே நாளில் குறைத்துவிடும். வாடிக்கையாளர் மகிழ்ந்துபோவார். அடியில் பூஞ்சை இருந்தால் அது உரம் போட்டதுபோல் வளரும். சீட்டு இல்லாமல் அதைக் கொடுப்பது கண்ணை விற்பதற்குச் சமம்.

சாதாரணத் தூசு என்றால் கழுவலாம், பலமுறை சிமிட்டச் சொல்லலாம். போகவில்லை என்றால் கிளறாமல் அனுப்பிவிட வேண்டும். இரும்புப் பொறி ஒரு நாளிலேயே கருவிழியில் துரு வளையம் போட்டுவிடும், அதைச் சுரண்டி எடுக்கக் கருவியும் கைப்பழக்கமும் வேண்டும்.

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் எரியும். உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் தானே சரியாகிவிடுவதால் கிழங்குக்குப் பெயர் கிடைக்கிறது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை ஒருமுறை டாக்டர் விட்டாரென்று அதையே வாங்கித் திரும்பத் திரும்ப விட்டுக்கொள்வது மிகவும் ஆபத்து. அது கருவிழி ஆறவே விடாது.

நம் கடைக்குள் இருக்கும் கண்ணிகள்

மொபெட்டின் பின்னால் சரக்குக் கட்டும் எலாஸ்டிக் கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவினால் நேராக முகத்துக்குத்தான் திரும்பி வரும். விழி கிழியாவிட்டாலும் உள்ளே ரத்தம் கட்டும், விழித்திரை பிரியும். முகத்தை விலக்கிக்கொண்டு மாட்ட வேண்டும். இல்லையென்றால் பழைய சணல் கயிறே மேல். அட்டைப் பெட்டிகளைச் சுற்றி வரும் பட்டையும் அப்படித்தான். கத்தரித்தவுடன் விடைத்துக்கொண்டு பறக்கும். ஒரு கையால் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டப் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். வெயிலில் வைத்த சோடா பாட்டில் வெடிக்கும். ஆகவே கண்ணாடி பாட்டில் கிரேட்டுகளை நிழலில் இறக்க வேண்டும். சிப்ஸ் சரமும் ஷாம்பு சரமும் தொங்கவிடும் கம்பிக் கொக்கிகளின் முனை எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பெரியவர்களின் கண் உயரத்தில் ஒன்று, குழந்தையின் கண் உயரத்தில் ஒன்று இருக்கும். முனையை உள்பக்கம் வளைக்க இரண்டு நிமிடம் ஆகும்.

அரிசி மண்டியில் குத்தூசி, கோணி ஊசி, மூட்டை தூக்கும் கொக்கி எல்லாம் கிடக்கும் இடத்தில் பிள்ளைகள் விளையாடுவது சர்வ சாதாரணம். பார்வையற்றோருக்குப் புள்ளி எழுத்தைத் தந்த லூயி பிரெயில் 1812ஆம் ஆண்டு, மூன்று வயதில், குதிரைச் சேணம் தைக்கும் தன் தகப்பனாரின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் தோல் குத்தும் ஊசி ஒரு கண்ணில் குத்தியது. அடிபட்டது ஒரு கண். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. அரிதாக, கிழிந்த கண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் திரும்பி நல்ல கண்ணையும் தாக்கும். ஒரு கண்ணில் அடிபட்டவர் சில வாரங்களிலோ மாதங்களிலோ "நல்ல கண்ணும் மங்குது, வெளிச்சம் கூசுது" என்றால் அன்றைக்கே ஓட வேண்டும். இன்று அதற்கு மருந்து இருக்கிறது.

இழப்பீடும் ஈ.எஸ்.ஐ.யும்

கடை முதலாளி என்ற முறையில் நமக்கும் இதில் கணக்கு இருக்கிறது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் ஒரு கண்ணை முழுவதும் இழந்தால் 40 சதவீதம், விழி இருந்து பார்வை மட்டும் போனால் 30 சதவீதம் சம்பாதிக்கும் திறன் போயிற்று என்று அட்டவணை போட்டது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மொத்த வியாபாரக் கடைகள் ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருந்தால், சம்பள வரம்புக்குள் உள்ள ஆட்களின் பொறுப்பைக் கழகம் ஏற்றுக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் தொழில் விபத்துக்கான உரிமை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு இது தெரிவதில்லை. ஒரு நாள் கூலி போய்விடும் என்று பயந்து கண்ணைப் பொத்திக்கொண்டு வேலை செய்கிறார்கள். நம் கடைக்கு வருபவரிடம் இதைச் சொல்லி அனுப்புவதற்குக் காசு செலவில்லை.

ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் வியாபாரமும் இருக்கிறது. ஐ.எஸ். 5983 முத்திரையுள்ள பாதுகாப்புக் கண்ணாடியைக் கிரைண்டிங் வீல் விற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். வீல் கேட்பவரிடம் "கண்ணாடி இருக்கா?" என்று கேட்டாலே பாதி விற்பனை முடிந்தது. வெறும் கூலிங் கிளாஸைப் பாதுகாப்புக் கண்ணாடி என்று விற்பது மட்டும் வேண்டாம். அது உடைந்து சில்லே கண்ணில் குத்தும்.

எங்கே போவது?

அடிபட்ட கண்ணுக்கு எந்த டாக்டரும் போதாது. கண் அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை நோக்கி நெடுஞ்சாலையில் போனால் பூந்தமல்லி தாண்டி நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை 2017 முதல் இயங்குகிறது. நுங்கம்பாக்கத்தில் 1978இல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது. ஏழை எளியவருக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உண்டு. 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகிலேயே பழமையான கண் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையும் பக்கம். சாலை விபத்தில் கண்ணோடு தலையிலும் அடி இருந்தால் கண்ணுக்காகத் தனியே அலையாமல் 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். உயிருக்குப் பிறகுதான் கண். அப்படிப்பட்ட விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

மருத்துவமனைகளின் தொலைபேசி எண்களை இன்றே விசாரித்து, இரவில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பதையும் கேட்டு, கல்லாவுக்கு மேல் ஒட்டி வையுங்கள். அதன் கீழே தமிழிலும் இந்தியிலும் இரண்டு வரி: மருந்து, சுண்ணாம்பு, ஆசிட் பட்டால் அரை மணி நேரம் கழுவு, குத்தினால், கிழிந்தால் தொடாதே, மூடி வைத்துக் கொண்டு போ. புறப்படும்போது எப்போது அடிபட்டது, என்ன பொருள், இரும்பா, மரமா, கண்ணாடியா, தடுப்பு ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்பதைக் கூட வருபவரிடம் எழுதிக் கொடுங்கள். மரத்துண்டு, தென்னை ஓலை, வைக்கோல் என்றால் அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பூஞ்சை வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

கண்ணில் பந்து, கொக்கி, கைமுட்டி என்று மொத்தமாக அடி வாங்கியவர் குணமாகி வந்தபின்னும் கணக்கு முடிவதில்லை. உள்ளே நீர் வடியும் பாதை சேதமாகியிருந்தால் ஐந்து வருடமோ பத்து வருடமோ கழித்து அந்தக் கண்ணில் மட்டும் அழுத்தம் ஏறும். வலி இருக்காது. பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எப்போதோ அப்படி அடிபட்டவர் உங்கள் கடையிலோ வீட்டிலோ இருந்தால், வருடம் ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துவரச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்குக் கடை கழுவும் வாரத்தை அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது.